ருக்குன் நெகாராவில் வரும் ‘துஹான்’ யாருடைய சொல்?

பட்டர்வொர்த்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். சபைகூடலில் மலேசியாவின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாரா சொல்லும்போது முதலில் வருகிற ‘துஹான்’ முஸ்லிம்களின் சொல்தானே, நாம் ஏன் அதைச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் கேட்கிறானாம். பள்ளி இறுதித் தேர்வான எஸ்டிபிஎம் படிக்கும் மகள் இன்னும் ஒரு படி மேலே போய், அமெரிக்காவின் உறுதிமொழியில்கூடக் கடவுளைப் பிற்பாடுதான் சேர்த்தார்கள், நாட்டுப்பற்றுக்குக் கடவுள் எதற்கு என்கிறாளாம். இரண்டு பிள்ளைகளுக்கும் என்ன பதில் சொல்வது என்பது தகப்பனாரின் கேள்வி. இரண்டுமே நல்ல கேள்விகள்தான். “பள்ளியில் சொல்லச் சொன்னால் சொல்லு” என்று அடக்கிவிடாமல் உட்கார்ந்து பேச வேண்டியவை.

பையனின் கேள்விக்கு முதலில் வருகிறேன். துஹான் ஒரு மதத்துக்கு மட்டும் உரிய சொல் அல்ல. கடவுள் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்கு மலாயில் உள்ள பொதுச்சொல் அது. இதற்குச் சான்று தேடி வெளியே போக வேண்டியதில்லை. இஸ்லாத்தின் அடிப்படை வாசகமான கலிமாவை மலாயில் மொழிபெயர்க்கும்போது “தியாடா துஹான் மெலாயின்கான் அல்லாஹ்” என்பார்கள். அல்லாஹ்வைத் தவிர வேறு துஹான் இல்லை என்று பொருள். துஹான் பொதுப்பெயர், அல்லாஹ் குறிப்பிட்ட பெயர் என்ற வேறுபாடு அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. முஸ்லிம் அல்லாதோர் தங்கள் சமயப் பரப்புரையில் பயன்படுத்தக் கூடாத சொற்கள் என்று சிலாங்கூரில் 1988இல் வந்த சட்டம் ஒரு பட்டியலே கொடுத்தது. அல்லாஹ், நபி, ரசூல், வஹ்யூ எல்லாம் அதில் உண்டு. துஹான் இல்லை.

அரசியலமைப்புச் சட்டத்திலும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். மாமன்னர் அரியணை ஏறும்போது எடுத்துக்கொள்ளும் உறுதிமொழி நான்காம் அட்டவணையில் இருக்கிறது. அது “வல்லாஹி, வபில்லாஹி, வதல்லாஹி” என்று தொடங்கும். அல்லாஹ்வின் மீது ஆணையாக என்று மூன்று விதமாகச் சொல்வது அது, முழுக்க முழுக்க இஸ்லாமிய மரபு. 1970இல் குடிமக்கள் எல்லாருக்கும் பொதுவாக ஓர் உறுதிமொழி எழுத உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் அந்த வடிவம் தயாராகவே இருந்தது. அதை எடுக்காமல் முதல் கோட்பாட்டை “கெபெர்சாயாஆன் கெபாடா துஹான்”, அதாவது துஹான் மீது நம்பிக்கை, என்று எழுதினார்கள். வேறுபாடு தெரிந்தே எழுதியிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் அப்படி எழுதினார்கள் என்பது புரிய அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டு, துன் அப்துல் ரசாக் தலைமையிலான தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்திக்கொண்டிருந்தது. கோலாலம்பூரில் மனிதர்கள் ஒருவரையொருவர் இனம் பார்த்து வெட்டிக்கொண்ட மறு ஆண்டு அது. பல இனத்தவரும் சமயத்தவரும் அமர்ந்த தேசிய ஆலோசனை மன்றத்தில் விவாதித்து, 1970 ஆகஸ்டு 31 அன்று அன்றைய மாமன்னர் சுல்தான் இஸ்மாயில் நசிருடின் ஷா கையால் ருக்குன் நெகாராவைப் பிரகடனம் செய்தார்கள். தமிழில் ‘தேசியக் கோட்பாடு’ என்று நாம் படித்தது இதைத்தான். அதற்கான அரசின் விளக்கவுரையிலேயே, இஸ்லாம் கூட்டரசின் சமயம், மற்றச் சமயங்களை அமைதியாகவும் இணக்கமாகவும் கடைப்பிடிக்கலாம், சமயத்தைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் பாகுபடுத்தக் கூடாது என்று இருக்கிறது. முதல் கோட்பாட்டை அந்த விளக்கத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தனியாகப் பிய்த்து எடுத்துப் படிப்பதால்தான் பாதிக் குழப்பம்.

மொழிபெயர்ப்புகளையும் பாருங்கள். தமிழில் “இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்” என்று போட்டார்கள். சீனத்தில் கிறிஸ்தவர்கள் கடவுளுக்குச் சொல்லும் ‘ஷாங்டி’யை விட்டுவிட்டு ‘ஷாங்சாங்’ என்றார்கள். மேலே விரிந்திருக்கும் வானம் என்பது அதன் நேர்ப்பொருள். பௌத்தரும் தாவோ வழியினரும் முன்னோர் வழிபாடு செய்வோரும் தயக்கம் இல்லாமல் சொல்லக்கூடிய சொல் அது. படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. ஒரே நாட்டின் ஒரே கோட்பாடு, மலாயில் ஆண்டவனைக் காட்டுகிறது, தமிழில் இறைவனை, சீனத்தில் வானத்தை. இதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இது அந்தத் தலைமுறை காட்டிய பெருந்தன்மையாகவே தெரிகிறது.

சரி, துஹான் என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஐயா, எஜமான் என்ற பொருளில் நாம் தினமும் சொல்கிற ‘துவான்’ இருக்கிறதே, அதன் இன்னொரு வடிவம்தான் துஹான் என்பது மொழியறிஞர் பெரும்பாலோர் கருத்து. தலைவனைக் குறித்த சொல் தலைவர்க்கெல்லாம் தலைவனுக்கு ஆகிவிட்டது. இதைக் கேட்டுத் தமிழர் யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. நம் மொழியில் நடந்ததும் இதுதான். திருக்குறளின் கடவுள் வாழ்த்தில் “இறைவன் பொருள்சேர் புகழ்” என்று வரும் சொல்லே, இறைமாட்சி அதிகாரத்தில் அரசனுக்கு வருகிறது: “முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப் படும்.” நியாயமாக ஆண்டால் அரசனை மக்கள் இறை என்று வைத்துக் கொண்டாடுவார்கள் என்கிறார் வள்ளுவர். அரசனுக்குக் கட்டும் வரிக்கும் ‘இறை’ என்றே பெயர். வரி நீக்கிய நிலத்தைக் கல்வெட்டுகள் ‘இறையிலி’ என்கின்றன. ஆள்பவன் ஆண்டவன். கோ இருக்கும் இல் கோயில். தஞ்சைக் கல்வெட்டுகளைப் படித்தால் ராஜராஜ சோழன் “உடையார் ஸ்ரீராஜராஜதேவர்”, அவன் கட்டிய கோயிலில் இருக்கும் சிவபெருமான் “ஸ்ரீராஜராஜேஸ்வரமுடையார்”. மன்னனும் உடையார், மகேசனும் உடையார். போதாததற்கு மன்னனே தேவர்!

அந்தக் கோயில்தான் கடல் தாண்டி மலாயில் ‘குயில்’ ஆனது. பினாங்கில் இருப்பவர்கள் ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங் பக்கம் போகும்போது பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பழைய பிட் ஸ்திரீட்தான். 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் அந்தப் பக்கம் இருக்கிறது. மலாயில் ‘கெரெஜா’ என்பார்கள், அது போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல். சற்றுத் தள்ளிக் குவான் இன் கோயில். பக்கத்துக் குவீன் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் ‘குயில்’, அது நம்முடைய சொல். கடைசியில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல். மலாய்க்காரர் அரபுச் சொல்லால் மஸ்ஜிட் என்கிறார்கள், தமிழ் முஸ்லிம்கள் பள்ளிவாசல் என்கிறார்கள். பள்ளி என்றால் ஒரு காலத்தில் சமண முனிவர்களும் பௌத்தத் துறவிகளும் தங்கிய இடம். அந்தத் துறவிகள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததால் பாடசாலையும் பள்ளியானது. இன்று உங்கள் மகன் ருக்குன் நெகாரா சொல்வதும் ஒரு பள்ளியில்தான்.

இது ஏதோ ஒன்றிரண்டு சொற்களின் கதை அல்ல. மலாய் முஸ்லிம் ஒருவர் தன் சமயத்தைப் பற்றிப் பேசும்போது வாயில் வரும் சொற்களைக் கவனித்திருக்கிறீர்களா? நோன்புக்குப் ‘புவாசா’, அது உபவாசம். சொர்க்கம் ‘ஷுர்கா’, நரகம் ‘நெராகா’. பாவத்துக்கு ‘டோசா’, நாம் தோஷம் என்பதுதான். புண்ணியத்துக்குப் ‘பஹாலா’, பலன் என்ற பொருளில் வரும் வடசொல் பலம். சமயத்துக்கே ‘அகாமா’, நம் சிவாச்சாரியார்கள் சொல்லும் ஆகமம். தொழுகைக்கு இப்போது ‘சொலாட்’ என்ற அரபுச் சொல் அதிகம் வழங்குகிறது. ஆனால் பெரியவர்கள் சொல்வது ‘செம்பாயாங்’. ‘ஹியாங்’ என்ற பழைய தெய்வத்தைப் பணிவது என்பது அதன் உட்பொருள். ஹியாங் இந்து மதமும் இஸ்லாமும் வருவதற்கு முன்பே இந்தத் தீவுகளில் வணங்கப்பட்ட தெய்வம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சான்று திரங்கானு கல்வெட்டு. 1887இல் கோலபெராங் அருகே ஆற்றோரத்தில் கண்டெடுத்த கல் அது. ஜாவி எழுத்தில், அதாவது மலாயை எழுதும் அரபு வரிவடிவத்தில், இஸ்லாமியச் சட்டங்களைச் சொல்லும் மிகப் பழைய மலாய்க் கல்வெட்டு. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கல் உடைந்திருப்பதால் ஆண்டைப் பற்றி அறிஞர்களிடையே வாதம் உண்டு. பரவலாகச் சொல்லப்படுவது 1303. நபியின் மார்க்கத்தை நிலைநிறுத்தச் சொல்லும் அந்தக் கல்லில் இறைவனுக்கு எழுதியிருக்கும் பெயர் ‘தேவதா முலியா ராயா’. தேவதை என்று நாம் சொல்லும் அதே தேவதா! புது மார்க்கத்தை ஏற்ற அந்த மக்கள், தங்களுக்குப் புரிந்த பழைய சொல்லிலேயே புது இறைவனைக் கூப்பிட்டார்கள். அதனால் அவர்களுடைய இஸ்லாம் குறைந்துவிடவில்லை.

தமிழில் கிறிஸ்தவர்கள் பட்ட பாடு தனிக்கதை. சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714இல் அச்சேற்றத் தொடங்கிய புதிய ஏற்பாட்டில் கடவுள் ‘சருவேசுரன்’. பின்னால் வந்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். 1871 பதிப்பு ‘தேவன்’ என்று மாற்றியது. 1995இல் வந்த திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது. இவற்றில் எதுவும் சைவரும் வைணவரும் ஏற்கெனவே புழங்காத சொல் அல்ல. தமிழ் முஸ்லிம்களும் தொழுகை, நோன்பு, வேதம் என்று நல்ல தமிழும் நம்மிடம் புழங்கிய வடசொல்லும் கொண்டே தங்கள் மார்க்கத்தைப் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். எந்தக் கோயிலிலும் இதற்கு யாரும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம் நாட்டில் ஒரு சொல்லுக்காக வழக்கு நடந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கத்தோலிக்கர்களின் ‘ஹெரால்டு’ இதழ் மலாய்ப் பகுதியில் அல்லாஹ் என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா என்ற வழக்கில், 2009 டிசம்பர் 31 அன்று உயர்நீதிமன்றம் பயன்படுத்தலாம் என்றது. 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. 2014 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் மேற்கொண்டு விசாரிக்க அனுமதி மறுத்தது. இன்னொரு பக்கம், 2008இல் விமான நிலையத்தில் சமயக் குறுந்தட்டுகளைப் பறிகொடுத்த சரவாக் கிறிஸ்தவப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், 2021 மார்ச்சில் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரபு நாட்டுக் கிறிஸ்தவர்கள் காலங்காலமாக அல்லாஹ் என்றுதான் சொல்கிறார்கள். 1629இல் வெளிவந்த மலாய் மத்தேயு நற்செய்தியிலும் அதே சொல்தான். வரலாற்றைக் கேட்டால் இந்தச் சொல் யாருடைய வீட்டுச் சொத்தும் அல்ல என்றுதான் சொல்லும். ஆனால் மலாய் முஸ்லிம்கள் பலருக்கு அது தொழுகையில் நெற்றி தரையில் படும்போது சொல்கிற பெயர். அந்த உணர்வை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். துஹான் விஷயத்தில் இந்தச் சிக்கல் எழவே இல்லை என்பதை மகனிடம் சொல்லுங்கள். அது 1970இலும் பொதுச்சொல், இன்றும் பொதுச்சொல்.

தேசிய கீதத்தில் ஒரு வரியை எடுத்து இதையே இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். “ரஹ்மாட் பஹாகியா, துஹான் குர்னியாகான், ராஜா கித்தா, ஸ்லாமாட் பெர்தக்தா.” இதில் ரஹ்மாட் அரபு. பஹாகியா நம் பாக்கியம். துஹான் மலாய். குர்னியா, காருண்யம் என்ற வடசொல். ராஜாவுக்கு விளக்கம் வேண்டாம். கித்தா மலாய். ஸ்லாமாட் அரபு. தக்தா பாரசீகம், அரியணை. ஏழெட்டுச் சொல்லுக்குள் நான்கு மொழிகள். ருக்குன் நெகாராவும் அப்படித்தான். தூண் என்ற அரபுச் சொல் ருக்குன், நகரம் என்ற வடசொல் நெகாரா. முதல் கோட்பாட்டில் நம்பிக்கைக்கு வரும் ‘பெர்சாயா’ வடமொழிப் பிரத்தியயம். இரண்டாம் கோட்பாட்டில் விசுவாசத்துக்கு வரும் ‘செத்தியா’ வடமொழிச் சத்தியம். நாம் கற்பூரத்தை அணைத்துச் செய்கிற சத்தியமும் மலாய்க்காரர் தன் அரசருக்குக் காட்டும் செத்தியாவும் ஒரே சொல். இதை மகனுக்குச் சொல்லிக் கொடுத்தால் அடுத்த திங்கட்கிழமை அவன் சபைகூடலில் நிற்கும் விதமே வேறாக இருக்கும்.

இனி மகளின் கேள்வி. அமெரிக்கா பற்றி அவள் சொன்னது சரியே. அந்த உறுதிமொழியை 1892இல் எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு பாப்டிஸ்டு போதகர். மதகுருவே எழுதியும் அதில் கடவுள் இல்லை. 1954 பிப்ரவரியில் அதிபர் ஐசன்ஹோவர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, ஜார்ஜ் டோச்சர்ட்டி என்ற போதகர் ஒரு பிரசங்கம் செய்தார். இந்த உறுதிமொழியை மாஸ்கோவில் இருக்கும் பிள்ளைகளும் அரிவாள் சுத்தியல் கொடிக்கு முன்னால் அப்படியே சொல்லலாமே, வேறுபாடு எங்கே என்று கேட்டார். அந்த ஆண்டு ஜூன் 14 அன்று ‘கடவுளின் கீழ்’ என்ற தொடர் சட்டப்படி சேர்ந்தது. இன்னொன்றையும் அவள் குறித்துக்கொள்ளட்டும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அதே ஜூன் 14 அன்று, 1943இல், யெகோவாவின் சாட்சிகள் பிள்ளைகள் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், கொடி வணக்கத்தையும் உறுதிமொழியையும் எந்தப் பிள்ளை மீதும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆக, அங்கே கடவுளைச் சேர்த்தது எதிரி நாட்டிலிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட. இங்கே சேர்த்தது அடித்துக்கொண்ட சொந்த மக்களை ஒன்றாக நிற்க வைக்க. சொல் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு. அமெரிக்காவில் செல்லும் வாதத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துவது சரிவராது.

கடவுள் இல்லாமலும் நல்ல உறுதிமொழி எழுத முடியும், அதையும் மறைக்க வேண்டாம். 1966இல் சிங்கப்பூரின் உறுதிமொழியை எழுதிய சின்னத்தம்பி ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த தமிழர். அதில் கடவுள் இல்லை. இனம், மொழி, மதம் கடந்து ஒன்றுபடுவதுதான் இருக்கிறது. இந்தியப் பள்ளிகளின் உறுதிமொழியிலும் கடவுள் இல்லை. 1949 அக்டோபர் 17 அன்று இந்திய அரசியலமைப்பின் முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்கலாம் என்று அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் காமத் ஒரு திருத்தம் கொண்டுவர, அது 41க்கு 68 என்று தோற்றது. கடவுள் நம்பிக்கை மிகுந்த பலரும் எதிர்த்து வாக்களித்த சபை அது.

இங்கே நான் வருத்தப்படுவது ஒரே ஒரு விஷயத்துக்கு. எல்லாரையும் உள்ளே அழைக்க வைத்த முதல் கோட்பாட்டைச் சிலர் ஆட்களை வெளியே தள்ளும் கோலாக எடுத்திருக்கிறார்கள். 2017இல் கோலாலம்பூரில் நாத்திகர்கள் சிலர் கூடிய படம் பரவியபோது, நாத்திகம் ருக்குன் நெகாராவுக்கே விரோதம் என்று நாடாளுமன்றத்தில் அரசுத் தரப்பிலிருந்து பேசினார்கள். ருக்குன் நெகாரா ஒரு கோட்பாடு, தண்டனைப் பிரிவு உள்ள சட்டம் அல்ல. பாகுபாடு கூடாது என்று அதன் விளக்கவுரையே சொல்லும்போது, நம்பாதவனை அதே ஏட்டால் அடிப்பது எழுதியவர்களுக்குச் செய்யும் நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. நம் தமிழ்ச் சமுதாயத்திலும் திராவிடர் கழக வழியில் வந்த பகுத்தறிவாளர்கள் இந்த மண்ணில் பல பத்தாண்டுகளாக உழைத்திருக்கிறார்கள். அவர்களும் இந்த நாட்டுக்குச் செத்தியாவாக வாழ்ந்தவர்கள்தாம்.

மகனிடம் இப்படிச் சொல்லுங்கள் தம்பி: வலக்கையை உயர்த்தித் துஹான் என்று சொல்லும்போது நீ முருகனை நினைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் நிற்கும் கிறிஸ்தவப் பையன் இயேசுவை நினைத்துக்கொள்ளலாம், முஸ்லிம் ஆசிரியர் அல்லாஹ்வை நினைத்துக்கொள்வார், மூவரும் சொல்வது சரியான சொல்தான். மகள் இதைப் பற்றிக் கட்டுரை எழுத நினைத்தால், அமெரிக்காவை விட இந்தோனேசியாவை எடுக்கச் சொல்லுங்கள். அந்நாட்டுத் தலைவர் சுகர்னோ 1945 ஜூன் 1 அன்று பேசிய பஞ்சசீலம் என்ற ஐந்து தேசியக் கோட்பாடுகளில் இறைநம்பிக்கை ஐந்தாவதாக இருந்தது, பிறகு முதலாவதாக ஏறியது. ஜூன் 22இல் எழுதிய வரைவில் முஸ்லிம்கள் ஷரியாவைக் கடைப்பிடிக்கும் கடமை பற்றிச் சேர்த்த சில சொற்களை ஆகஸ்டு 18 அன்று எடுத்துவிட்டு, ‘ஒரே இறைவன்’ என்பதோடு நிறுத்தினார்கள். அந்த ‘ஒரே’ என்ற சொல் பாலித் தீவு இந்துக்களுக்குப் பெரிய சோதனையானது. பல தெய்வங்களை வணங்கியவர்கள், தங்கள் சமயத்தை அரசு அங்கீகரிக்க வேண்டும் என்பதற்காக ‘சங் ஹியாங் விதி’ என்ற ஒரே பரம்பொருளை முன்னிறுத்தி, 1950களின் இறுதியில் அங்கீகாரம் பெற்றார்கள். நம் ருக்குன் நெகாராவில் துஹான் ஒருவரா பலரா என்ற சொல்லே இல்லை. இந்த இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் தொடங்கலாம்.